ஓலைமேட்டுக்கு வர வேண்டிய சத்தம்

“சரி, ஒண்ணு கொறஞ்சுது.”

சேலம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வெளியூர்க்காரர், பேக்கரி வாசலில் நின்று பன்னை டீயில் நனைத்துக்கொண்டே, யாரைப் பார்த்தும் சொல்லாமல் பொதுவாகச் சொன்ன அந்த வார்த்தை, நடுவில் ஒரு தகரச் சுவர் மட்டுமே இருந்த முட்டைக் குடோனுக்குள், அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாவாயியின் காதில் விழுந்தது. பாவாயிக்குக் காதுதான் வேலை. இரண்டு முட்டைகளை எடுத்துக் காதருகே மெல்லத் தட்டினால், நல்ல முட்டை கூழாங்கல் போல ‘கிண்’ என்னும், கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்ட முட்டை ‘பொத்’ என்னும். பொத் என்றது ஒரு பக்கம், கிண் என்றது ஒரு பக்கம் என்று இருபது வருடமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வெளியூர்க்காரர் அதைச் சொன்ன நேரத்தில் கையிலிருந்த முட்டை எந்தப் பக்கம் போக வேண்டியது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

குறைந்துபோன அந்த ஒன்று, முந்தின நாள் காலையில் எங்கள் ஓலைமேட்டுக் கைகாட்டியில் செத்துப்போன பையன். நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்ற வெள்ளைக் காரைக் கள்ளச்சாவி போட்டு எடுத்துக்கொண்டு, பின்னால் போலீஸ் ஜீப் துரத்த, மூன்று ஊர்களைத் தாண்டி எங்கள் வளைவுக்குள் வந்தவன், சாலையின் பாதியை மறித்து நின்ற பேரிகார்டைக் கண்டு வண்டியைத் திருப்பி, ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதினான். அந்தப் பேரிகார்டு, முன்பு ஏதோ ஒரு தேர்தலில் வாகனச் சோதனைக்காகப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து, திருப்பி எடுத்துப்போக மறந்த மஞ்சள் தடுப்பு. அடியில் நான்கு சக்கரமும் நெற்றியில் ஒரு நகைக்கடை விளம்பரமும் உண்டு.

கார் மோதியதை எல்லோரும் பார்த்தோம். முன்பக்கம் தகர டப்பாவை மிதித்ததுபோல மடங்கிற்று, கண்ணாடி சர்க்கரை கொட்டியதுபோலச் சாலையெங்கும் சிதறிற்று, ஒரு சக்கரம் மட்டும் கழன்று உருண்டு வந்து பேக்கரிப் படியில் சாய்ந்துகொண்டது. சத்தம் வரவில்லை. பேக்கரி ரேடியோவில் சோப்பு விளம்பரம் ஒரு எழுத்துக் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது, படுத்திருந்த நாய் தலையைத் தூக்கவில்லை, ஓடைக்கு அந்தப் பக்கம் கோழிப் பண்ணையில் ஐம்பதாயிரம் கோழியும் தீவனத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. பேக்கரி நல்லசிவம் தனக்குத்தான் காது போயிற்று என்று நினைத்து, கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுப் பார்த்தார். டம்ளர் டங்கென்று விழுந்தது. எல்லோரும் டம்ளரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி காரைப் பார்த்தார்கள்.

அந்த மோதலுக்கு உண்டான சத்தம் அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மோதிய அன்று சாயங்காலம் பெய்த மழையில் சாலையில் இருந்த டயர்த் தடமெல்லாம் கழுவிப் போனது. வழக்கு எழுதிய ஏட்டு, பழக்கத்தில் ‘பயங்கரச் சத்தத்துடன் மோதியதில்’ என்று எழுதினார். “சத்தமே இல்லீங்களே” என்று நல்லசிவம் சொன்னதற்கு, “மோதுனா சத்தம் வரும்யா, நீங்க கேக்கலைன்னா அது என்ற குத்தமா?” என்றார்.

முதலில் ஊர் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டது. “திருட்டுப்பய சாவுக்கு நம்ம கோழி ஒண்ணுகூடப் பதறக் கூடாதுன்னு சாமியே சத்தமில்லாம எடுத்துக்கிச்சு” என்றார்கள். காரைத் தொலைத்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருந்தார்கள். தவணை கட்டி முடிக்காத வண்டியை வாசலிலேயே இழந்த வாடகைக் கார்க்காரர் ஒருவர், மெனக்கெட்டு வந்து பாலத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேக்கரியில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் போனார். பேரிகார்டை இழுத்து மறித்தது யார் என்று டிவிக்காரர்கள் கேட்டபோது நல்லசிவம், “நாந்தானுங், என்ற மேலயே ஏத்த வந்தானுங்” என்றார். பக்கத்தில் நின்ற டயர்கடைத் தங்கவேலும், “நானும் ஒரு கை போட்டேனுங்” என்றான். சாயங்காலத்துக்குள் கை போட்டவர்கள் பதினாலு பேர் ஆனார்கள். ஆறடிப் பேரிகார்டில் பதினாலு பேர் எப்படிக் கை வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ‘பொதுமக்கள் மீது காரை ஏற்றிக் கொல்ல முயன்ற கொள்ளையனை மடக்கிய ஓலைமேட்டு வீரர்கள்’ என்று பெரிய ஃபிளெக்ஸ் அடித்து, பதினாலு முகத்தையும் போட்டு, பேக்கரிக்கு எதிரே கட்டினார்கள். அதில் தங்கவேல் மட்டும் கூலிங்கிளாஸ் போட்டிருந்தான்.

பேரிகார்டை இழுத்தவள் பாவாயி. தினமும் பதினோரு மணிக்கு முட்டை வேன் குடோனிலிருந்து ரிவர்ஸில் பின்பக்கமாகச் சாலைக்கு வரும். அந்த நேரத்தில் வளைவில் எவனாவது வேகமாக வந்துவிட்டால் வேன்காரன் பதறிப் பிரேக் போடுவான், அட்டை அட்டையாக முட்டை உடையும். அதனால் தினமும் பத்து ஐம்பதுக்குப் பாவாயி எழுந்து போய், சும்மா கிடக்கிற தடுப்பைச் சாலையின் பாதிவரை இழுத்து வைப்பாள், வேன் போனதும் திரும்பத் தள்ளி, அதன்மேல் ஈரச் சாக்குகளைக் காயப் போடுவாள். அன்றைக்கும் முட்டைக்காகத்தான் இழுத்தாள். திருடன் வருவதும் தெரியாது, போலீஸ் வருவதும் தெரியாது. தடுப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் நிமிர்ந்தபோது அந்த வெள்ளைக் கார் அவளுக்கு நேராக வந்தது. உள்ளே இருந்த பையன் அவளைப் பார்த்தான். வாயை அசைத்தான். வேண்டாம் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினான். பிறகு அவள் இல்லாத பக்கம் வண்டியைத் திருப்பினான்.

குடோன்காரர் வையாபுரி அன்றைக்கே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“பாவாயி, ஊர்க்காரங்க இழுத்தாங்கன்னா அது போலீசுக்கு உதவி. நீ இழுத்தேன்னா அது ரோட்டை மறிச்சது. உன்ற மேலயும் கேசு, என்ற மேலயும் கேசு. குடோனைப் பூட்டிருவாங்க. உன்ற பொண்ணு நர்சுக்குப் படிச்சு முடிக்க இன்னும் ஒரு வருசம் இருக்குது. நெனச்சுக்கோ.”

“செரிங்க” என்றாள் பாவாயி.

சத்தம் வராமல் வாரங்கள் போனபோது ஊருக்குள் வேறொரு பேச்சு கிளம்பிற்று. மின்னலைப் பார்த்துவிட்டோம், இடி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்று கரண்டுக் கடைக்காரர் சொன்னார். “வராமலே போயிருமாங்?” என்று ஒருவர் கேட்டதற்கு, “கிளம்புனது வந்துதானே ஆகோணும்” என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் அதன் பிறகு ஓலைமேடு காதைத் தீட்டிக்கொண்டு வாழத் தொடங்கிற்று. கர்ப்பிணிகளை ஓடைக்கரை வழியாகச் சுற்றி அழைத்துப் போனார்கள். வளைவு வரும்போது டவுன்பஸ் கண்டக்டர், “காதைப் பொத்திக்கங்க” என்று டிக்கெட் கேட்கிற குரலிலேயே சொன்னார், பயணிகளும் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் ஒரு காதையும் பிடித்துக்கொண்டு, மற்றொரு காதைத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். மெடிக்கல் கடையில் பஞ்சு தீர்ந்து, பாதிப் பேர் மெத்தையைக் கிழித்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். கல்யாணங்கள் மேளமில்லாமல் நடந்தன. புது வண்டிக்குத் திருஷ்டி கழிக்க வந்தவர்கள், பூசணிக்காயைச் சாலையில் போட்டு உடைக்காமல், மடியில் வைத்துக் கத்தியால் அரிந்து, இரண்டு பாதியையும் ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும் என்பதால் பண்ணைக்காரர்கள் கூடி, வருகிற தீபாவளிக்கு ஊரில் ஒரு பட்டாசும் வெடிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பேசுவதற்குக்கூட எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டதில், பல வருடம் சண்டையிட்ட பங்காளிகள் இருவர், கத்த முடியாத காரணத்தால் சமாதானமாகப் போனார்கள்.

அப்புறம் யாரோ சொன்னார்கள், சத்தம் தேடிக்கொண்டிருக்கிறது என்று. யார் தடுப்பை இழுத்தார்களோ அவர்கள் காதைத் தேடுகிறது, கண்டுபிடித்ததும் மொத்தமாக அந்தக் காதுக்குள் இறங்கும், அதன் பிறகு அந்த ஆளுக்கு இந்த ஜென்மத்தில் வேறு ஒன்றும் கேட்காது. இதை முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் கடை திறந்தபோது ஃபிளெக்ஸில் தங்கவேலின் முகம் கூலிங்கிளாஸோடு சேர்த்து பிளேடால் வட்டமாக அறுக்கப்பட்டிருந்தது.

“எலி கடிச்சிருக்கும்” என்றான் தங்கவேல்.

“எலிக்கு உன்ற மூஞ்சிதான் கெடச்சுதா?” என்றார் நல்லசிவம். இரண்டு நாளில் அவர் முகமும் போயிற்று. பத்து நாளில் அந்த ஃபிளெக்ஸில் பதினாலு ஓட்டைகளும் வீரர்கள் என்ற எழுத்தும் மட்டும் மிச்சமிருக்க, காற்றடித்தபோது ஓட்டைகளின் வழியாகப் பாலம் தெரிந்தது. இழுத்தது யார் என்று கேட்டால் போலீஸ் என்றார்கள், காற்று என்றார்கள், முதலிலிருந்தே அது அங்கேதான் நின்றது என்றார்கள். பேரிகார்டை யாரும் தொடுவதில்லை. முட்டை வேன் வெளியே வரும்போது வையாபுரியே சாலையில் இறங்கித் துண்டை ஆட்டினார். பாவாயி உள்ளே உட்கார்ந்து முட்டை தட்டினாள். ஒவ்வொரு முட்டையைக் காதருகே கொண்டுபோகும்போதும், இதுதான் கடைசியாகக் கேட்கிற கிண்ணோ என்று அவள் கை ஒரு கணம் நின்று போயிற்று.

இந்த நிலையில்தான் அந்தப் பெண் வந்தாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு; தோளில் டிபன் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, பாலத்துச் சுவர் உடைந்த இடத்தில் போய் நின்றாள். பெயர் சுகுணா. நிருபர் என்று நினைத்து முதலில் உட்காரச் சொன்ன நல்லசிவம், செத்தவனின் அக்கா என்று தெரிந்ததும், கொண்டுவந்த டீயைத் திருப்பி எடுத்துப் போகவும் முடியாமல், கொடுக்கவும் மனமில்லாமல், மேஜை ஓரத்தில் வைத்தார்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். “அவன் பிரேக் போட்டானாங்க?”

“அது சத்தம் வந்தாத்தானே தெரியும்” என்றார் நல்லசிவம்.

“பேப்பர்ல ஆளுங்க மேல ஏத்த வந்தான்னு போட்டிருக்கு. நீங்க டிவியில சொன்னீங்க.”

“ஏத்தத்தான் வந்தான். என்ற மேலதான் வந்தான்.”

“திருடன்னு சொல்லுங்க, அது நெசம். மூணு வண்டி எடுத்திருக்கான். அதுல ஒண்ணுலதான் எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான், யாருதுடான்னு கேட்டேன், ஃப்ரெண்டுதுன்னான். கொல்ல வந்தவன்னு சொல்லிட்டீங்க. எங்க தெருவுல ஒருத்தரும் சாவுக்கு வரல. எங்கம்மா வெளிய தண்ணி பிடிக்கக்கூட வர்றதில்ல. பத்துப் பேரக் கொல்ல இருந்தவனப் பெத்தவளாம்னு கொழாயடியில சொல்றாங்க.”

நல்லசிவம் துணியை எடுத்துப் பக்கத்து மேஜையைத் துடைத்தார். அவள் எழுந்து, வெயிலுக்கு ஒதுங்கிக் குடோன் நிழலில் நின்றாள். பாவாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நீங்க பாத்தீங்களாக்கா?”

பாவாயி சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “முட்டை தட்டறப்ப வெளிய பாக்க முடியாதம்மிணி” என்றாள்.

சுகுணா அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். காதில் பஞ்சு வைக்காமல், உடைந்த சுவருக்குப் பக்கத்தில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சத்தம் வரும்போது தான் அங்கே இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். முதலில் பிரேக் கேட்கிறதா, இல்லை நேராக மோதலா என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். ஊருக்கு அவள்மேல் கோபம் வந்தது. இவள் வந்து உட்கார்ந்து உட்கார்ந்துதான் அதை வரவழைக்கப் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பாவாயி அந்த நாட்களில் கீறல் முட்டைகளை நல்ல அட்டையில் வைத்தாள், நல்லதைக் கீறலில் வைத்தாள். ஒரு கடைக்காரர் அட்டையோடு திருப்பி அனுப்பினார். “காது கேக்குதா உனக்கு?” என்று வையாபுரி கேட்டார். “கேக்குதுங்க” என்றாள். கேட்பதுதான் தொல்லையாக இருந்தது. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் கூட்டம் அதிகம். சுகுணா பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்துவிட்டுத் தங்கவேல், “வந்துட்டா, தம்பிக்குத் தீபாவளிச் சீர் கொண்டுக்கிட்டு” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள், சத்தம் வராமல்.

சுகுணா பாலத்துக்குப் போகாமல் நேராகப் பேக்கரிக்கு வந்தாள்.

“யார் மேலங்க ஏத்த வந்தான்?”

“என்ற மேல” என்றார் நல்லசிவம்.

“என்ற மேலயுந்தான்” என்றான் தங்கவேல். பின்னால் நின்ற இன்னும் சிலரும் தலையை ஆட்டினார்கள்.

“அப்ப நீங்க எல்லாரும் ரோட்டுலதான் நின்னுருக்கீங்க. தடுப்ப யாரு இழுத்தது?”

பேக்கரியில் இருந்த அத்தனை பேரும் எதிரே கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்தார்கள். காற்றில்லாததால் அது அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“அது எங்களுக்குத் தெரியாது” என்றார் நல்லசிவம். “இழுத்தது ஆரோ. ஏத்த வந்தது எங்க மேல. அவ்வளவுதான். நீ போம்மா.”

தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் பாவாயி கையிலிருந்த இரண்டு முட்டைகளையும் தட்டாமலே அட்டையில் வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே போகும்போது எல்லோரையும் போல அவளும் காதில் பஞ்சு வைப்பது வழக்கம். குடோன் வாசலில் நின்று வைத்தாள், பிறகு என்னவோ நினைத்து இரண்டையும் எடுத்து, வாசலில் கிடந்த முட்டை அட்டையின் காலிக் குழியொன்றில் அமுக்கினாள்.

“வண்டி கெளம்பறதுக்கு நேரமாச்சு. நான் போயி துண்டு காட்டறேன், நீ உள்ள இரு” என்றார் வையாபுரி.

அவள் நிற்கவில்லை.

“பாவாயி. பொண்ணு படிப்ப நெனச்சுக்கோ.”

“அவ காதுலதான் முதல்ல சொன்னேனுங்க, நேத்து ராத்திரி போன்ல” என்றாள் பாவாயி. “போயி சொல்லும்மான்னுட்டா.”

மழைக்கும் வெயிலுக்கும் துருப்பிடித்திருந்த பேரிகார்டை அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது, அதன் சக்கரங்கள் கிறீச்சிட்டன. அந்தச் சின்னச் சத்தத்துக்கே பேக்கரியில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். தங்கவேல் மேஜைக்கு அடியில் குனிந்தான். பாவாயி தடுப்பைச் சாலையின் பாதிவரை கொண்டுவந்து நிறுத்தி, அதன் நுனியைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றாள்.

“அம்மிணி, இங்க வா.”

சுகுணா வந்தாள். வரும்போதே பையிலிருந்து கைபேசியை எடுத்து அம்மாவுக்குப் போட்டுவிட்டாள். “அம்மா, வெச்சிராத. ஒருத்தங்க பேசறாங்க, கேளு” என்று சொல்லி, கைபேசியைப் பாவாயியின் வாய்க்கு அருகே பிடித்தாள்.

“நாந்தானுங்க இழுத்தேன்” என்றாள் பாவாயி, கைபேசிக்கும் பேக்கரிக்கும் சேர்த்து. “திருடனப் பிடிக்கறக்கு இல்லீங்க. முட்டை வண்டிக்கு. தெனமும் இழுக்கறதுதான். அவன் வர்றதே எனக்குத் தெரியாது. ரோட்டுல வேற ஒருத்தரும் இல்லீங்க, இவிய எல்லாம் உள்ள டீ குடிச்சிட்டு இருந்தாங்க. நான் ஒருத்திதான் நின்னேன். நேரா வந்தான். என்னயப் பாத்தான். தலையை இப்படி ஆட்டினான்.” அவள் ஆட்டிக் காட்டினாள். “அப்பறம் நான் இல்லாத பக்கம் திருப்பிட்டான். சுவரு அந்தப் பக்கம் இருந்துச்சு.”

பேக்கரி ரேடியோவை யாரோ அணைத்தார்கள். முட்டை வேன்காரன் வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. முதலில் தூரத்தில் ஒரு எஞ்சினின் இரைச்சல், அதன் பின்னால் ஜீப்பின் சைரன், சாலையில் ஒரு வண்டியும் இல்லாமல் சத்தம் மட்டும் வளைந்து உள்ளே வந்தது. நாய் எழுந்து ஓடிற்று. நல்லசிவம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், வையாபுரி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார், ஓடைக்கு அந்தப் பக்கம் கோழிகள் தீவனத்தை விட்டுத் தலையைத் தூக்கின. எஞ்சின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு பிரேக் பிடிக்கிற சத்தம் எழுந்தது; தார்ச்சாலையில் ரப்பர் தேயும் அந்தக் கிறீச்சல் ஊர் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக, ஊர் எதிர்பார்த்ததைவிட நீளமாக, நின்றுவிடும் என்று நினைத்த இடத்திலும் நிற்காமல், பாவாயி நின்ற இடத்தை நோக்கி வந்து, அவளுக்கு ஒரு கை தூரத்தில் சட்டென்று பாலத்தின் பக்கம் திரும்பிற்று.

மோதல் வருவதற்கு முன்னால் சுகுணா கைபேசியைப் பாவாயியின் வாயருகிலிருந்து எடுத்து, கையை எட்டும் மட்டும் நீட்டி, சாலையின் பக்கம் பிடித்தாள்.